சாலைக்கான பணம் யாருடையது? நகராட்சி மன்றத்தில் ஜோதிராவ் புலே

ஜோதிராவ் புலேயைப் பெண் கல்வியின் முன்னோடியாகவும், சத்திய சோதக் சமாஜத்தை நிறுவியவராகவும், அண்ணல் அம்பேத்கர் தம் மூன்று ஆசான்களில் ஒருவராக ஏற்றுக்கொண்ட மாமனிதராகவும் நாம் அறிவோம். அவர் அரசுக் கட்டுமானப் பணிகளில் ஒப்பந்தக்காரராக இருந்ததையும், புனே நகராட்சியின் உறுப்பினராகப் பல ஆண்டுகள் அமர்ந்திருந்ததையும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பொதுப்பணம் யாரிடமிருந்து வருகிறது, யாருக்காகச் செலவாகிறது என்ற கேள்வியை அவர் கூர்தீட்டிக் கொண்டது அந்தப் பணிகளில்தான். உள்ளாட்சிகளில் சாலைக்கு நிதி ஒதுக்கும் விவாதம் எழும்போதெல்லாம் அவருடைய வாழ்வின் இப்பகுதியை நாம் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பேஷ்வா ஆட்சி வீழ்ந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1827இல், மாலி எனும் தோட்டக்காரச் சாதியில் புலே பிறந்தார். பேஷ்வாக்களின் புனேயில் தெரு என்பதே சாதியின் ஆயுதமாக இருந்தது. நீண்டு விழும் நிழலும் தீட்டு என்று கருதி, காலையிலும் மாலையிலும் தீண்டப்படாத மக்கள் நகருக்குள் நுழையத் தடை இருந்ததை அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். ஆட்சி மாறிய பிறகும் தெருவின் மனம் மாறிவிடவில்லை. 1848இல் புலே பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கியபோது, பாடம் நடத்தச் சென்ற சாவித்ரிபாயின் மீது அந்தத் தெருக்களில்தான் சேறும் சாணமும் வீசப்பட்டன. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட நிலையிலும் இருவரும் பின்வாங்கவில்லை. மகார், மாங் பிள்ளைகளுக்கும் பள்ளி கண்டனர். 1868இல் தம் வீட்டுக் கிணற்றைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட்டார் புலே.

வாழ்க்கைத் தேவைக்காக அவர் ஒப்பந்தத் தொழிலில் இறங்கினார். முளா-முட்டா ஆற்றின் அணைக்குக் கட்டுமானப் பொருள்களை வழங்கினார். காத்ரஜ் மலைச் சுரங்கப்பாதைப் பணிக்குத் தொழிலாளர்களைத் திரட்டித் தந்தார். கல் உடைப்பவரும் மண் சுமப்பவரும் எந்தச் சாதியினர், கணக்கெழுதுவோரும் மேற்பார்வையிடுவோரும் எந்தச் சாதியினர் என்பதை அவர் களத்திலேயே கண்டார். பொதுப்பணிகளில் அதிகாரிகளும் எழுத்தர்களும் நடத்திய சுரண்டலைத் தம் எழுத்துகளில் தோலுரித்தார். சாலைக்கு ஒதுக்கப்படும் ரூபாய் கல்லாகவும் மண்ணாகவும் மாறுவதற்கு முன் எத்தனை கைகளில் கரைகிறது என்பது அவருக்குக் கேள்விப்பட்ட செய்தி அன்று, நேரில் கண்ட உண்மை.

அந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? பம்பாய் மாகாணத்தில் 1860களில் நிலவரியோடு சேர்த்து ஒரு மேல்வரி விதிக்கப்பட்டது. நிலவரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஓர் அணா, அதாவது பதினாறில் ஒரு பங்கு. உள்ளூர் நிதி எனப்பட்ட இத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு சாலை முதலிய பணிகளுக்கும், ஒரு பங்கு பள்ளிகளுக்கும் ஒதுக்கப்பட்டது. வரியைச் செலுத்தியவர் குடியானவர். வரிப் பட்டியலில் பெரும்பாலும் பெயர் இடம்பெறாத, கூலியும் இன்றி ஊர் ஊழியம் செய்த மகார் முதலிய சாதியினரின் உழைப்பும் அந்த விளைச்சலுக்குள் அடங்கியிருந்தது. ஆனால் அந்தப் பணத்தைப் பங்கிடும் இடத்தில் இவர்களுள் எவருக்கும் குரல் இல்லை.

1876இல் புலே புனே நகராட்சியின் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1880இல் வைஸ்ராயின் வருகையையொட்டி 1,000 ரூபாய் செலவிடும் தீர்மானம் மன்றத்தின் முன் வந்தது. அந்தப் பணத்தை ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்று புலே எடுத்துரைத்தார். வாக்கெடுப்பில், 32 நியமன உறுப்பினர்கள் இருந்த அந்த மன்றத்தில், எதிர்த்து நின்றவர் அவர் ஒருவரே. நகரில் மதுக்கடைகள் பெருகுவதை எதிர்த்து அதே ஆண்டில் நகராட்சிக்குக் கடிதம் எழுதினார். பெரும் பொருட்செலவில் சந்தைக் கட்டடம் ஒன்றை எழுப்ப நகராட்சி முடிவெடுத்தபோது, அதைவிடக் கல்வியே முதன்மையானது என்று வாதிட்டார். அங்கும் அவர் தோற்றார். 1886இல் ஆளுநர் ரேயின் பெயரால் சந்தை திறக்கப்பட்டது.

மன்றத்தில் தோற்ற வாதத்தை அவர் மன்றத்துக்கு வெளியே கொண்டுசென்றார். 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் அளித்த மனுவில், அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவரின் உழைப்பிலிருந்தே வருகிறது, அதன் பயனோ உயர்சாதியினரின் உயர்கல்விக்கே போகிறது என்று சுட்டிக்காட்டினார். தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றார். நகராட்சி எல்லைக்குள் உள்ள தொடக்கப் பள்ளிகளின் செலவை நகராட்சியே ஏற்க வேண்டும், ஆனால் நிர்வாகத்தை முழுவதுமாக அதன் கையில் விட்டுவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். மன்றத்துக்குள் இருந்து அதன் சாதிக் கணக்கை அறிந்தவரின் எச்சரிக்கை அது. அடுத்த ஆண்டு எழுதி முடித்த ‘உழவனின் சாட்டை’ நூலில், நிலவரியும் மேல்வரியும் சுங்கமும் அடுத்தடுத்து உழவரை உறிஞ்சுவதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

புலே சாலைகளுக்கு எதிரி அல்லர். பாதையும் பாலமும் அணையும் எழுவதில் பங்கேற்றவர் அவர். எதை முதலில் கட்டுவது, யாருடைய பணத்தில் கட்டுவது, யார் முடிவெடுப்பது என்ற வரிசையைத்தான் அவர் கேள்விக்கு உட்படுத்தினார். 1890இல் அவர் மறைந்த பின்னும் அக்கேள்வி மறையவில்லை. பட்டியல் சாதியினரின் மக்கள்தொகைக்கேற்ப நிதி ஒதுக்குவதற்காக 1979இல் கொண்டுவரப்பட்ட சிறப்புக் கூறுத் திட்டம், பின்னர் துணைத்திட்டம் எனப் பெயர் மாறியது. அந்த நிதியைப் பொதுவான சாலைப் பணிகளின் கணக்கில் எழுதிவிட்டு, சேரிகளுக்குச் செலவிட்டதாகக் காட்டுவதைத் தலித் இயக்கங்கள் தொடர்ந்து கண்டித்து வருகின்றன. எல்லோரும் நடக்கும் சாலைதானே என்று அதற்குச் சமாதானம் சொல்லப்படுகிறது. அந்தச் சாலை ஊரோடு நின்றுவிடுகிறதா, சேரிவரை வருகிறதா என்பதைப் பார்த்தால் அச்சமாதானத்தின் மதிப்பு தெரிந்துவிடும்.

கிராம சபையிலும் நகராட்சியிலும் சாலைத் தீர்மானம் வரும்போது, எந்தத் தலைப்பின் நிதி, எந்தத் தெருவுக்கு, யார் ஒப்புதலோடு என்று எழுத்தில் கேட்பது புலேயின் வழியில் நடப்பதாகும். அப்படிக் கேட்பவர் மன்றத்தில் தனியராக நிற்க நேரலாம். அவரும் தனியராகவே நின்றார். அவர் எதிர்த்த அந்தச் சந்தைக்குப் பின்னாளில் புனே நகராட்சி அவருடைய பெயரையே சூட்டியது. பெயரை ஏற்றுக்கொண்ட மன்றங்கள் அவருடைய கேள்வியையும் ஏற்கும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.