ஒளியில் ஒலி கேட்டவர்: அலெக்சாண்டர் கிரகம் பெல்

மாணவர்களே, தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் எனக் கேட்டால் கிரகம் பெல் என உடனே விடை எழுதிவிடுவீர்கள். ஆனால் அவர் தமது கண்டுபிடிப்புகளுள் மிகச் சிறந்ததாகக் கருதியது தொலைபேசியை அன்று என்பதை அறிவீர்களா?

பெல் 1847 மார்ச் 3 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தாயார் செவிப்புலன் குன்றியவர். சகோதரர் இருவரும் காசநோயால் இறக்கவே, எஞ்சிய மகனையும் இழந்துவிடுவோமோ என அஞ்சிய பெற்றோர் 1870 இல் கனடாவில் குடியேறினர். பின்னர் பெல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் செவிப்புலனற்றோருக்குக் கற்பித்தார். 1876 இல் தொலைபேசிக்கு ஆக்கவுரிமை பெற்றார்.

1880 இல் வோஷிங்டனில், உதவியாளர் டெயின்ரருடன் சேர்ந்து, கம்பியின்றிச் சூரிய ஒளிக்கற்றை மூலம் 213 மீற்றர் தூரத்துக்குக் குரலை அனுப்பினார். அவர் பெரிதும் போற்றிய ஒளிப்பேசி இதுவே. (அவ்வாண்டு பிறந்த மகளுக்கும் அப்பெயரையே சூட்ட விரும்பினாராம். நல்லவேளை, அது நடக்கவில்லை!)

இவ்வாய்வின்போது ஒரு புதுமையைக் கண்டார். விட்டுவிட்டு ஒளி விழுந்தபோது மெல்லிய தட்டுகள் தாமாகவே ஒலித்தன. கரிய பொருள்கள் மேலும் உரக்க ஒலித்தன. காரணம் உங்களுக்குத் தெரிந்ததே. ஒளியை உறிஞ்சும் பொருள் வெப்பமடையும். வெப்பத்தால் விரிவு ஏற்படும். ஒளி தடைப்பட்டதும் மீண்டும் சுருங்கும். இவ்வதிர்வே ஒலியாகிறது. இது ஒளியொலி விளைவு எனப்படும்.

1881 இல் சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். அவரது உடலிலிருந்த சன்னத்தை வெட்டாமலே கண்டறிய பெல் ஒரு மின்கருவியை அமைத்தார். சன்னம் அகப்படவில்லை, சனாதிபதி செப்டெம்பரில் இறந்தார். உடலின் உட்புறத்தை வெட்டாது அறியும் வழி தமது ஒளியொலி விளைவிலேயே மறைந்திருந்ததைப் பெல் அறிந்திருக்க வழியில்லை. அதற்கு வேண்டிய இலேசர் அன்று இருக்கவில்லை. 1922 ஓகஸ்ட் 2 இல் அவர் கனடாவில் காலமானார்.

மெலனோமா என்னும் தோற்புற்றுநோய் முதலில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கே பெரும்பாலும் பரவும். பரவியதா என அறியக் கணுவை வெட்டியெடுத்துச் சோதிப்பது வழக்கம். இப்புற்றுக்கலங்கள் பலவற்றில் மெலனின் என்னும் கரிய நிறப்பொருள் உண்டு. குறுகிய இலேசர்த் துடிப்பைச் செலுத்தினால் மெலனின் அதனை உறிஞ்சிக் கழியொலியை எழுப்பும். தோலின்மீது வைத்த உணரி அதனைப் பதிவுசெய்யும். இழையத்தில் ஒளி சிதறுமளவுக்கு ஒலி சிதறாது. ஆகவே சில சென்ரிமீற்றர் ஆழம்வரை படம் பெறலாம்.

ஜேர்மனியின் எசன் பல்கலைக்கழக வைத்தியசாலையினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வில், மெலனின் காணப்படாத கணுக்களைப் புற்றற்றவை என இம்முறையால் நம்பகமாக இனங்காண முடிந்தது. எனினும் ஒன்றைக் கவனியுங்கள்: சில மெலனோமாக் கலங்களில் மெலனின் இருப்பதில்லை. அவை ஒலிப்பதுமில்லை.