முடிசூடும் பெருமாள் எப்படி முத்துக்குட்டி ஆனார்? வைகுண்டரின் மூன்று பெயர்களின் கதை

பெயர் பிடிக்கலையா? இன்றைக்கு அதற்கு வழி இருக்கிறது. எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு ஒரு விண்ணப்பம், கூடவே கட்டணம். அரசிதழில் அறிவிப்பு வந்ததும் ஆதார், பான், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். பள்ளியில் கேலிக்கு ஆளான பெயரா, யாரோ செய்த தப்பால் கெட்டுப்போன பெயரா, காரணம் எதுவானாலும் முடிவு நம் கையில்.

200 ஆண்டுகளுக்கு முன் நாஞ்சில் நாட்டுப் பக்கம் நடந்தது இதற்கு நேர்மாறு. ஒரு தம்பதிக்குத் தங்கள் மகனின் பெயர் ரொம்பவே பிடித்திருந்தது. பிடிக்காமல் போனது மற்றவர்களுக்கு. பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் குழந்தைதான் பின்னாளில் தென் தமிழகம் முழுக்க 'அய்யா' என்று அழைக்கப்பட்ட வைகுண்டர்.

பிரச்சினை கிளப்பிய பெயர் எது?

இப்போதைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் வழியில் இருக்கிறது சாமித்தோப்பு. அன்றைக்கு இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1809-ல் இங்கே பொன்னு நாடார், வெயிலாள் தம்பதிக்கு மகன் பிறந்தான். திருமால் மீது பற்று கொண்ட பெற்றோர் அவனுக்கு வைத்த பெயர் 'முடிசூடும் பெருமாள்'.

கிரீடம் அணிந்த திருமால் என்று பொருள். இன்றைக்குக் கேட்டால் சாதாரண பக்திப் பெயர். ஆனால் மேல்சாதியினர் கடுமையாக எதிர்த்தார்கள் என்றும், வேறு வழியில்லாமல் பெற்றோர் 'முத்துக்குட்டி' என்று மாற்றினார்கள் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

ஒரு பெயரில் அப்படி என்ன இருக்கிறது?

இதைப் புரிந்துகொள்ள, அன்றைய திருவிதாங்கூரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1750-ல் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்தார். அதன் பிறகு வந்த மன்னர்கள் எல்லோருமே 'பத்மநாப தாசன்' என்ற பெயரில்தான் ஆண்டார்கள். அதாவது நாட்டின் உண்மையான அரசர் பெருமாள். மன்னர் அவருடைய ஊழியர்.

இன்னொரு விஷயமும் உண்டு. 'இரணிய கர்ப்பம்' என்ற செலவுமிக்க சடங்கை முடித்த மன்னர்தான் 'குலசேகரப் பெருமாள்' என்ற பட்டத்தோடு குலசேகரக் கிரீடத்தை அணியும் உரிமை பெறுவார். ஆக, 'பெருமாள்' கடவுளின் பெயர், அரசனின் பட்டம் இரண்டும்தான். 'முடி' அதிகாரத்தின் அடையாளம். இந்த இரண்டையும் சேர்த்து, பனையேறும் சமூகத்தில் பிறந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால்? கூப்பிடுகிறவர் வாயில் ஒவ்வொரு முறையும் கடவுளும் ராஜாவும் சேர்ந்து வருவார்கள். உறுத்தல் அங்கேதான்.

புதுப் பெயரில் தப்பு ஒன்றும் இல்லை. தென் மாவட்டங்களில் இன்றும் செல்லமாக வைக்கும் பெயர்தான் முத்துக்குட்டி. ஆனால் 'பெரு' போய் 'குட்டி' வந்ததைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

பெயரோடு மட்டும் நின்றதா?

இல்லை. உடம்பில் என்ன போடலாம், எப்படி நடக்கலாம் என்பது வரை கட்டுப்பாடு இருந்தது. அன்று 'சாணார்' என்று குறிக்கப்பட்ட நாடார் சமூகத்தினர் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, தங்க நகை அணியக் கூடாது. மாடி வீடு கட்டக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. நம்பூதிரியிடம் இருந்து 36 அடி எடுத்து வைக்கும் தூரமும், நாயரிடம் இருந்து 12 அடி எடுத்து வைக்கும் தூரமும் தள்ளி நிற்க வேண்டும்.

இது போக தலைவரி, குடிசை வரி, பனைக்கு வரி. கூலியே இல்லாமல் அரசுக்கு உழைக்கும் 'ஊழியம்' தனி.

தலையில் துணியே கட்டக் கூடாத ஒருவருக்கு 'முடிசூடும்' என்று பெயர் இருந்தால் அது விதிகளையே கேலி செய்வது மாதிரி ஆகிவிடும். எதிர்த்தவர்களுக்கு அது நன்றாகவே புரிந்திருந்தது.

மூன்றாவது பெயர் எப்படி வந்தது?

முத்துக்குட்டி வளர்ந்தார். இருபதுகளின் தொடக்கத்தில் கடும் நோயில் விழுந்தார். 1833 மாசி மாதம் திருச்செந்தூர் திருவிழாவுக்குத் தாயும் உறவினர்களும் அவரை அழைத்துப் போனார்கள். அங்கே கடலுக்குள் இறங்கியவர் திரும்பி வரவில்லை. இறந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள் என்கிறது அய்யாவழி மரபு. பிறகு மாசி 20-ம் தேதி அவர் கடலில் இருந்து வெளியே வந்தார், அப்போது அவர் முத்துக்குட்டி அல்ல, நாராயணனின் மகன் வைகுண்டர் என்பது பக்தர்களின் நம்பிக்கை.

ஓடிவந்த தாயிடம், தான் இனி பழைய மகன் இல்லை என்று அவர் சொன்னதாக அந்த மரபு விவரிக்கிறது. நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு விஷயம் தெளிவு. முதல் பெயரைப் பெற்றோர் வைத்தார்கள், அடுத்தவர்கள் பறித்தார்கள். இரண்டாவது பெயர் அச்சத்தில் வந்தது. மூன்றாவது பெயரை யாரிடமும் அனுமதி கேட்காமல் அவரே அறிவித்தார். அதுவும் திருமாலின் இருப்பிடத்தையே பெயராக எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டு விடவில்லை. அதே பகுதியில் வேலை செய்த லண்டன் மிஷன் பாதிரியார்களின் ஆவணங்கள் அவரை முத்துக்குட்டி என்றே குறித்தன.

அரசு சும்மா இருந்ததா?

பூவண்டன்தோப்பு என்று அப்போது அழைக்கப்பட்ட சாமித்தோப்பில் வைகுண்டர் தவம் இருந்தார். அவரைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பல சாதியினர் ஒரே இடத்தில் கூடுவதும், சேர்ந்து சாப்பிடுவதும் அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. திருவிதாங்கூர் ஆட்சியைக் 'கலிநீசன்' ஆட்சி என்றும், வெள்ளைக்காரரை 'வெண்நீசன்' என்றும் அவர் அழைத்தார். பெயர் வைக்கும் அதிகாரம் இப்போது அவர் பக்கம் வந்திருந்தது.

மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் புகார் போனது. 1830-களின் பிற்பாதியில் வைகுண்டர் கைது செய்யப்பட்டு, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சுமார் 110 நாட்கள் அடைக்கப்பட்டார். தன் சாதியினரோடு மட்டும் இருந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை என்றும் சொல்லப்படுகிறது. கடைசியில் விடுதலை ஆகி ஊர் திரும்பினார்.

திரும்பி வந்து என்ன செய்தார்?

மூன்று வேலைகள் முக்கியமானவை.

ஒன்று, கிணறு. சாதிக்கொரு கிணறு இருந்த காலத்தில் சாமித்தோப்பில் எல்லோருக்கும் பொதுவாக 'முத்திரிக்கிணறு' வந்தது. யார் வேண்டுமானாலும் குளிக்கலாம், குடிக்கலாம்.

இரண்டு, நிழல்தாங்கல்கள். ஊர் ஊராக எழுந்த எளிய வழிபாட்டு இடங்கள். பூசாரி இல்லை, சிலை இல்லை. வழிபடும் இடத்தில் இருப்பது கண்ணாடி. வணங்க வருகிறவர் அதில் தன்னையே பார்ப்பார்.

மூன்று, தலைப்பாகை. வழிபட வரும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்றார். பெரியவர்கள் முன்னால் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டுவதுதான் அன்றைய பணிவு. கடவுள் முன்னாலேயே தலைப்பாகையோடு நிற்கலாம் என்றால், வேறு யார் முன்னால் அதை அவிழ்க்க வேண்டும்? ஒரு குழந்தையின் பெயரில் இருந்து பிடுங்கப்பட்ட 'முடி', இப்படி ஒவ்வொருவர் தலைக்கும் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு?

வைகுண்டர் 1851-ல் மறைந்தார். அவர் கேட்ட பலவற்றைச் சட்டம் தர இன்னும் காலம் பிடித்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச ஆணை 1859 ஜூலையில் வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. திருவிதாங்கூர் கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பரில்.

சமூகத்தின் பெயரும் ஒரு போராட்டமாகவே இருந்தது. 'சாணார்' என்ற சொல் வசவாகவே புழங்கியதால் அதை மாற்றச் சொல்லிப் பல ஆண்டுகள் கோரிக்கை எழுந்தது. சென்னை மாகாணத்தில் 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் 'நாடார்' என்ற பெயர் ஏறியது. அதற்கெல்லாம் முன்பே வைகுண்டரின் வழி வந்தவர்கள் தங்களைச் 'சான்றோர்' என்று அழைத்துக்கொண்டார்கள். அவரது சீடர் அரிகோபாலன் எழுதிய 'அகிலத்திரட்டு அம்மானை'யிலும் அந்தச் சொல்தான்.

இன்று மாசி 20 வந்தால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. நாகர்கோவிலில் இருந்து சாமித்தோப்புக்கு ஊர்வலம் போகும். அதில் நடக்கும் ஆண்கள் தலையைப் பாருங்கள். எல்லோரும் தலைப்பாகை கட்டியிருப்பார்கள்.