யார் இந்த எய்ஜி சவாமுரா?

ஜப்பானின் இளம் பிட்சர்களோட பேஸ்பால் கார்டுகளை இப்பவே வாங்கிவைத்து, அவர்கள் அமெரிக்கா போனதும் விற்க நினைப்பவர்கள் கண்டிப்பாக கவனிக்கும் பெயர் 'சவாமுரா விருது'.

1917-ல் பிறந்தவர் எய்ஜி சவாமுரா. 1934 நவம்பர் 20, ஷிசுவோகா மைதானம். பள்ளியை விட்டு வந்த 17 வயசுப் பையன், பேப் ரூத், லூ கெரிக் உட்பட நான்கு அமெரிக்க ஜாம்பவான்களை வரிசையாக ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். கிரிக்கெட் கணக்கில், கிட்டத்தட்ட நாலு பந்தில் நாலு விக்கெட்! கெரிக் அடித்த ஒரே ஹோம் ரன்னால் 0-1 தோல்விதான். ஆனாலும் ஜப்பானுக்கு ஹீரோ கிடைத்துவிட்டார்.

ஜயண்ட்ஸ் அணிக்காக, எதிரணிக்கு ஒரு ஹிட்கூட கொடுக்காமல் மூன்று ஆட்டங்கள் ஜெயித்தார். இடையில் ராணுவம். கையெறி குண்டு வீசி வீசியே தோள் போச்சு. கார்டில் பணம் போடுறவங்க பயப்படுவதும் இதே தோளுக்குத்தான். பழைய வேகம் திரும்பவில்லை; 1944-ல் அணியே கழற்றிவிட்டது. அந்த டிசம்பர் 2-ம் தேதி, அவர் போன கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. வயது 27.

சிறந்த பிட்சருக்கான விருது அவர் பெயரில் 1947-ல் தொடங்கியது. 2021 முதல் 2023 வரை தொடர்ந்து மூன்று முறை அதை வாங்கிய யோஷினோபு யமமோட்டோவுக்கு, டாட்ஜர்ஸ் அணி 12 ஆண்டுகளுக்குப் பேசிய தொகை 32.5 கோடி டாலர்.