குருதிவழி வந்த தூது

உடற்றொழிலியல் படிப்பிக்கும் நான் ஏர்ணெஸ்ட் ஸ்டார்லிங்கின் பெயரை ஆண்டுதோறும் இருமுறை கூறவேண்டியவனாகின்றேன். இதயத்தின் விதியொன்று அவர் பெயரால் வழங்குகின்றது. அதனை மாணவர் மனனஞ் செய்துவிடுவர். ஓமோன் என்னுஞ் சொல்லை வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே என்றதும் வியப்பெய்துவர்.

1866இல் இலண்டனிற் பிறந்த ஸ்டார்லிங் 1899இல் அந்நகர யூனிவர்சிற்றிக் கல்லூரியிற் பேராசிரியரானார். ஆராய்ச்சித் துணைவர் வில்லியம் பெய்லிஸ், இவருடைய சகோதரியை மணந்தவர். ஒருவர் துடிப்பே உருவானவர். மற்றவர் அமைதியின் வடிவம்.

அக்காலத்திற் சமிபாடு பற்றி ருசிய அறிஞர் பவ்லோவ் கூறியதே வேதவாக்கு. அமிலங் கலந்த உணவு இரைப்பையினின்றும் சிறுகுடலை அடைந்ததும் சதையி தன் சாற்றைச் சுரக்கின்றது. குடலின் செய்தியைச் சதையிக்கு உரைப்பவை நரம்புகளே என்பது அவர் கொள்கை. 1902 சனவரியில் மைத்துனர் இருவரும் இதனைச் சோதித்தனர். மயக்கமூட்டிய நாயொன்றின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குரிய நரம்புகளை அறுத்து, குருதிக் குழாய்களை மட்டும் விட்டுவைத்து, அப்பகுதியினுள் அமிலத்தைச் செலுத்தினர். சதையி சுரந்தது! நரம்பின்றிச் செய்தி சென்றது எங்ஙனம்? ஸ்டார்லிங் தாமதிக்கவில்லை. குடலின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமுஞ் சேர்த்து அரைத்து, வடித்த சாற்றை நாயின் நாளத்தினுட் புகுத்தினார். சிறிது பொழுதிற் சதையி முன்னிலும் மிகுதியாகச் சுரந்தது. குடல் விடுத்த தூதைக் குருதியே சுமந்து சென்றது. அத்தூதுப் பொருளுக்குச் செக்கிரிற்றின் எனப் பெயரிட்டனர்.

பவ்லோவ் தம் ஆய்வுகூடத்தில் இதனைச் செய்வித்துப் பார்த்தார். முடிவு சரியெனக் கண்டதும் ஏற்றுக்கொண்டார். அப்பெருந்தன்மையும் கண்டுபிடிப்புக்கு நிகரானதென்பேன்.

தைரொயிட்டுச் சாறு 1891இலேயே மருந்தாகியிருந்தது. அதிரீனலினும் 1901க்குள் பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. எனினும் அவை தனித்தனி விந்தைகளாகவே நின்றன. அனைத்துக்கும் பொதுவான நெறி ஒன்றுண்டென 1905இல் அரச மருத்துவர் கல்லூரிச் சொற்பொழிவுகளில் எடுத்துரைத்தவர் ஸ்டார்லிங். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று ஓமோன் பிறந்ததும் அங்கேதான். நரம்பு தந்தியைப் போன்றது. உரியவனிடம் நேரே சேரும். ஓமோனோ ஊரெங்கும் முரசறைதல் போன்றது. குருதி அதனை எல்லா உறுப்புக்களுக்குங் கொண்டு செல்லும். அதனை ஏற்கும் வாங்கிகளை உடைய கலங்களே மறுமொழி தரும். கானின்றிக் குருதியிலேயே நேராகச் சுரப்பதனால் இத்தகைய சுரப்பிகளை அகஞ்சுரக்குஞ் சுரப்பிகள் என்கின்றோம். சதையியோ இரண்டுந் தெரிந்தது: சமிபாட்டுச் சாற்றைக் கான்வழியே குடலுக்கும் இன்சுலினைக் குருதிக்கும் அனுப்புகின்றது.

இப்புகழின் நடுவே ஒரு வழக்கும் உண்டு. 1903 பெப்ரவரியில் பெய்லிஸ் மாணவர்முன் அறுத்துக் காட்டிய பழுப்பு நிற நாய், முன்னரும் ஸ்டார்லிங்கின் சோதனைக்கு உட்பட்டது. அது போதிய மயக்கத்தில் இருக்கவில்லையென விலங்கறுப்பு எதிர்ப்பாளர் பொதுமேடையிற் குற்றஞ்சாட்ட, பெய்லிஸ் மானநட்ட வழக்குத் தொடுத்து 2,000 பவுண் பெற்றார். ஆனால் ஒரே நாயை இருமுறை பயன்படுத்தியது 1876ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாறென்பதை ஸ்டார்லிங் நீதிமன்றில் ஒப்புக்கொண்டார்; மற்றுமொரு நாயைப் பலியிடாதிருக்கவே அவ்வாறு செய்ததாகக் காரணங் கூறினார். அக்காரணத்தில் இரக்கம் உண்டு. ஆயினும் சட்டம் அறிஞருக்கு வேறாகிவிடாது. இதனை நான் மாணவரிடம் மறைப்பதில்லை.

முதல் உலகப் போரில் நச்சுவாயுத் தடுப்பில் உழைத்தவர், மேலிடத்தாரின் குறைகளை ஒளிவின்றி எடுத்துரைத்தார். 1922இல் பெய்லிஸுக்குச் சேர் பட்டங் கிடைத்தது; ஸ்டார்லிங்குக்கு இல்லை. நோபெல் பரிசு இருவரையும் நாடவில்லை. அவ்வாண்டில் ரொறன்ரோவில் இன்சுலின் நோயாளருக்கு உயிரளித்ததைக் காணும் பேறு மட்டும் அவருக்கு வாய்த்தது. புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்று உடல் நலிந்திருந்த அவர், 1927 மே மாதம் கடற்பயணத்தின்போது, கப்பல் யமேக்காவின் கிங்ஸ்ரன் துறைமுகத்தை அடைந்த வேளையில் உயிர்நீத்தார். அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டார்.