சொல்ல விடாததைச் சொல்லி முடித்தவர்: றொட் சேர்லிங்

வருடப் பிறப்பு வந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடரை இரவு பகலாகப் போடுவார்கள். ‘த ட்வைலைட் ஸோன்’. கோட்டும் ரையும் கட்டிய ஒரு கட்டையான மனிதர் சிகரெட்டும் கையுமாக வந்து நின்று கதையைத் தொடக்கி வைப்பார். அவரை வெறும் அறிவிப்பாளர் என்று நினைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தொடரை உருவாக்கியவரே அவர்தான். 156 கதைகளில் 92 கதைகள் அவர் எழுதியவை. பெயர் றொட் சேர்லிங்.

பேய், விண்வெளி, மாயம் என்று எழுதினவர்தானே என்று அவரைத் தள்ளிவிட முடியாது. அவர் ஏன் அந்தப் பக்கம் போனார் என்று பார்த்தால் அது வேறு கதை.

1924 டிசம்பர் 25 அன்று நியூயோர்க் மாநிலத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது பிங்கம்டன் என்ற சிறு நகரத்தில். தகப்பன் சாமுவேலுக்குப் புதுப்புதுக் கருவிகள் செய்து பார்ப்பதில் ஆசை. ஆனால் ஆசை சோறு போடாதே. பிள்ளைகள் வந்ததும் மாமனாரின் தொழிலைப் பிடித்துப் பலசரக்குக் கடைக்காரர் ஆனார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அந்தக் கடையும் போய்விட, இறைச்சி வெட்டி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்த மனிதர்தான் வீட்டின் நிலக்கீழ் அறையில் மகனுக்கு ஒரு குட்டி மேடை அமைத்துக் கொடுத்தவர்.

மகனுக்கு வாய் நிற்காது. ஒருமுறை இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணத்தில், இவன் கவனிக்கிறானா என்று பார்ப்பதற்காக வீட்டார் எல்லோரும் பேசாமல் இருந்து பார்த்தார்களாம். பொடியன் கவனிக்கவே இல்லை. போய்ச் சேரும்வரை தனியாகக் கதைத்துக்கொண்டே இருந்தான். அண்ணன் றொபேட் பின்னாளில் விமானத்துறைச் செய்தியாளராகவும் நாவலாசிரியராகவும் பெயர் எடுத்தார். தம்பி விமானம் பற்றி எழுதிய கதைக்கு விமானிகளின் பேச்சைச் சரிபார்த்துக் கொடுத்ததும் அவர்தான்.

1943இல் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு சேர்லிங் இராணுவத்தில் சேர்ந்தார். பரசூட் படைப்பிரிவில் பிலிப்பைன்ஸ் போர்க்களத்துக்குப் போய்க் காயப்பட்டார். அங்கே, வானிலிருந்து போட்ட உணவுப் பெட்டி விழுந்து நண்பர் ஒருவர் கண்முன்னே செத்துப்போனார். 1945இல் தகப்பன் 52 வயதில் மாரடைப்பால் இறந்தார். செத்த வீட்டுக்குப் போக மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கடன் மனதில் கிடந்தது. 1959இல் அவர் எழுதிய ஒரு கதையில், களைத்துப்போன ஒரு மனிதன் சொந்த ஊருக்கு நடந்து போய், தன் சின்ன வயதுக் காலத்துக்குள் நுழைந்து, இறந்துபோன தகப்பனோடு நின்று பேசுகிறான்.

போர் முடிந்து வந்து கல்லூரி, வானொலி என்று போனவருக்கு 1955 ஜனவரியில் விடிந்தது. ‘பற்றேர்ன்ஸ்’ என்ற நாடகம் நேரடியாக ஒளிபரப்பானது. வரவேற்பைப் பார்த்து, நாலு கிழமைக்குள் அதே நாடகத்தைத் திரும்பவும் நேரடியாக நடித்துக் காட்டினார்கள். அடுத்த வருடம் வந்த குத்துச்சண்டைக்காரன் கதை அவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது.

சிக்கலும் அப்போதுதான் தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரு கம்பனி முழு நிகழ்ச்சிக்கும் காசு கொடுக்கும். ஆகவே அதன் விளம்பர முகவர்கள் வசனத்தை வரிவரியாகப் பார்ப்பார்கள். 1955 ஓகஸ்டில் மிசிசிப்பியில் எமெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை இரண்டு வெள்ளையர் கொன்றார்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர்களை விடுதலை செய்தது. பிறகு அவர்களே ஒரு சஞ்சிகையிடம் காசு வாங்கிக்கொண்டு, கொன்றது தாங்கள்தான் என்றார்கள்.

சேர்லிங்கால் சும்மா இருக்க முடியவில்லை. இது அப்படியே போகாது என்று தெரிந்து, கொல்லப்படுபவரை ஒரு யூத அடகுக்கடைக் கிழவராக மாற்றி நாடகம் எழுதினார். ஒரு செய்தியாளர், இது டில் வழக்கு மாதிரி இருக்கிறதே என்று கேட்க, பொருந்தினால் பொருந்தட்டும் என்ற தோரணையில் பதில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். செய்தி பத்திரிகைகளில் பரவியது. தென்மாநில வெள்ளையர் அமைப்புகள் பகிஷ்கரிப்போம் என்று மிரட்ட, காசு போட்ட கம்பனி நடுங்கிப்போனது. கதை வடக்கே நியூ இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டது. கிழவர் எந்த இனம் என்றே தெரியாத ஒரு வெளிநாட்டவர் ஆனார். தெற்கை ஞாபகப்படுத்தும் என்று மேடையிலிருந்த கொக்கா கோலாப் போத்தல்களையும் எடுத்துவிட்டார்கள். 1958இல் இன்னொரு நாடகத்தில் திரும்ப முயன்றார். அதையும் இப்படியே உருக்குலைத்தார்கள்.

1959 செப்டெம்பரில், புதிய தொடர் தொடங்கச் சில நாட்களுக்கு முன், மைக் வொலஸின் நேர்காணலில் உட்கார்ந்தார். சண்டை பிடித்துக் களைத்துவிட்டதாகவும் இனி வெறும் பொழுதுபோக்குத்தான் என்றும் தெரிகிற மாதிரிப் பேசினார். விளம்பரக்காரர்கள் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் நடந்தது என்ன? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வேலை. 1960இல் வந்த ஒரு கதையில், தெருவில் மின்சாரம் நின்றதும் அயலவர்கள் ஒருவரையொருவர் வேற்றுக்கிரகவாசி என்று சந்தேகப்பட்டுக் கொலைவரை போகிறார்கள். 1961இல் ஒரு நாசி அதிகாரியை, அவன் ஆட்டம் போட்ட டக்காவ் முகாமிலேயே இறந்தவர்கள் விசாரிக்கிறார்கள். மனிதர்களின் பெயரில் சொல்ல விடாததை வேற்றுக்கிரகவாசியின் பெயரிலும் ஆவியின் பெயரிலும் சொன்னார்.

இதை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். எமெட் டிலின் கதையை அவன் கதையாகவே சொல்ல அவரால் முடியவில்லை. முகமூடி போட்டுச் சொன்னால் விளங்குகிறவனுக்கு விளங்கும். விளங்க விரும்பாதவன் பேய்க்கதை பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விடுவான். அவர் கொடுத்த விலையும் சின்னதல்ல. வசனத்தை வெட்டிய அதே விளம்பர உலகத்துக்காக, தொடரின் முடிவில் நின்று சிகரெட் விற்றவரும் அவர்தான்.

ஆனாலும் ஆள் மறக்கவில்லை. 1970இல் ‘ஏ ஸ்ரோம் இன் சமர்’ என்ற தொலைக்காட்சி நாடகத்தை எழுதினார். அதில் ஒரு யூதக் கடைக்காரக் கிழவர், கூட ஒரு கறுப்பினச் சிறுவன். 14 வருடங்களுக்கு முன் எந்த இருவரை மறைக்கச் சொன்னார்களோ, அந்த இருவரும் சொந்த முகத்தோடு ஒரே வீட்டில் இருந்தார்கள். அந்த நாடகத்துக்கு எம்மி விருதும் கிடைத்தது. கடைக்காரரின் மகன், ஒரு கடைக்காரரை வைத்தே அந்தக் கணக்கைத் தீர்த்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

கடைசி வருடங்களில் இதாக்கா கல்லூரியில் மாணவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சிகரெட்டை விடமுடியவில்லை. 1975 ஜூன் 28இல், இருதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு இறந்தபோது அவருக்கு வயது 50. தகப்பன் வாழ்ந்த வயதைக்கூட அவர் தொடவில்லை.