படித்ததும் உணர்ந்ததும்

கோச்சடையிலிருந்து நகருக்குள் வரும்போதெல்லாம், மீனாட்சியம்மன் கோயிலருகே சொக்கப்ப நாயக்கன் தெருவிலுள்ள ஒரு வீடு என் நினைவுக்கு வரும். திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், சிற்றப்பாவின் அவ்வீட்டில் தங்கிப் பயின்றார். 1896 ஜூலையில், பதினாறாம் வயதில், மரண பயம் பற்றவே பிணம்போல் படுத்து, சாவது எது எனத் தமக்குள் ஆராய்ந்தார். உடலுக்கு அப்பாற்பட்ட 'நான்' எதுவென உணர்ந்தார். ஆகஸ்டு 29இல், மும்முறை எழுதவேண்டிய இலக்கணப் பாடத்தை இருமுறையோடு நிறுத்திவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். வேதாந்த நூல்களைப் பின்னரே படித்தார். தாம் முன்பே உணர்ந்தது அவற்றில் சொல்லப்பட்டிருக்கக் கண்டார். 1950இல் மறைந்த ரமண மகரிஷியே அவர்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். நூலை மூடிவிட்டுப் புறப்பட எனக்கு இயலாது. ஆயினும் இயற்பியல் சூத்திரத்தை ஒப்பிக்கும்போது, இது நான் அறிந்ததா, பிறர் அறிந்ததா என்று என்னையே கேட்டுக்கொள்ள அவர் வாழ்வு எனக்குக் கற்பித்திருக்கிறது.