பூஜ்யத்தைப் படித்த பேராசிரியர்

நம் மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். ராமன், ராமானுஜன் பற்றியெல்லாம் எழுத ஆட்கள் நிறைய உண்டு. ஆகவே இயற்பியல் படித்த நம்மில் பலருக்கும் பெயர் மட்டுமே தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டேன். 'வான் ஆலன் பட்டைகள்' என்று இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தோமே, அந்த ஜேம்ஸ் வான் ஆலன்தான் அவர்.

1914 செப்டம்பர் 7-ம் தேதி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மவுண்ட் பிளெசன்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வக்கீல், நான்கு பையன்களில் இவர் இரண்டாவது. படித்தது உள்ளூரிலேயே இருந்த அயோவா வெஸ்லியன் கல்லூரியில். பெரிய பேர் பெற்ற இடமல்ல, நம்ம கல்லூரி மாதிரி ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிதான். ஆனால் தாமஸ் போல்ட்டர் என்ற நல்ல ஆசிரியர் கிடைத்தார். அவர் தென்துருவப் பயணத்துக்குப் புறப்பட்டபோது, கருவிகளைத் தயார் செய்ய உதவினார் மாணவர் வான் ஆலன். தன் கையாலேயே கருவி செய்து அளந்து பார்க்கும் பழக்கம் அங்கேதான் வேர் பிடித்தது. 1939-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

அடுத்து யுத்தம் வந்தது. எதிரி விமானத்தின் அருகே போனதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்கு, அதன் தலையில் ஒரு சிறு ரேடியோக் கருவி தேவைப்பட்டது. பீரங்கியிலிருந்து பாயும் அதிர்ச்சியில் கண்ணாடி வால்வு நொறுங்கிவிடும். நொறுங்காத வால்வு செய்யும் வேலையில் இறங்கினார். பிறகு கடற்படை அதிகாரியாகப் பசிபிக் போர்க்கப்பல்களுக்கும் போனார். அதிர்ச்சி தாங்கும் கருவி செய்யக் கற்ற அந்தப் பாடம்தான் பின்னால் ராக்கெட்டில் கருவி வைத்து அனுப்பக் கைகொடுத்தது.

1951-ல் படித்த பல்கலைக்கழகத்துக்கே இயற்பியல் துறைத் தலைவராகத் திரும்பினார். பெரிய ராக்கெட் வாங்கப் பணமில்லை. சும்மா இருந்தாரா? சிறிய ராக்கெட்டைப் பலூனில் கட்டித் தூக்கி, காற்று மெலிந்த உயரத்தில் பற்றவைக்கும் முறையைக் கையாண்டார். 1952 முதல் கப்பல்களிலிருந்து இப்படி அனுப்பி, துருவப் பகுதிகளின் மேலுள்ள கதிர்வீச்சை அளந்தார். 1957 அக்டோபரில் ரஷ்யாவின் முதல் ஸ்புட்னிக் பறந்தபோதும் இதே வேலையாகக் கடலில்தான் இருந்தார்.

1958 ஜனவரி 31-ம் தேதி இரவு அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர்-1 கிளம்பியது. எடை சுமார் 14 கிலோ. அதிலிருந்த கெய்கர் கவுண்டர், அயோவா இயற்பியல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உருவானது. அதில் பெரும்பங்கு ஜார்ஜ் லுட்விக் என்ற ஆராய்ச்சி மாணவருடையது. தரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் கவுண்டர் எதிர்பார்த்தபடி வினாடிக்கு முப்பது போல எண்ணியது. ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டி ஏறினாலோ சில இடங்களில் பூஜ்யம்! அங்கே கதிர்வீச்சே இல்லையா, கருவி கெட்டுப்போச்சா?

மார்ச் 26-ல் பறந்த எக்ஸ்புளோரர்-3-ல் லுட்விக் செய்த டேப் ரெக்கார்டர் இருந்ததால், ஒரு முழுச் சுற்றின் கணக்கும் கிடைத்தது. வாஷிங்டன் ஹோட்டல் அறையில் கிராஃப் தாளை விரித்து, நள்ளிரவு தாண்டியும் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார் பேராசிரியர். எண்ணிக்கை மளமளவென்று ஏறுகிறது, திடீரென்று பூஜ்யமாகிறது, பிறகு மறுபடி திரும்புகிறது. கெட்டுப்போன கருவி இப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாதே!

நம் லேபில் கெய்கர் கவுண்டரைத் தொட்டவர்களுக்கு 'டெட் டைம்' நினைவிருக்கும். ஒரு துகளை எண்ணியபின் அடுத்ததை எண்ண அதற்குச் சிறு இடைவெளி வேண்டும். மூச்சுவிட நேரமில்லாமல் துகள்கள் வந்து மோதினால் அது திணறி வாய்மூடிவிடும். ஊரில், மற்றொரு மாணவரான கார்ல் மெக்கில்வெய்ன் மாற்றுக் கவுண்டரின் மீது கடுமையான எக்ஸ்-கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். அதுவும் பூஜ்யம் காட்டியது! அதாவது மேலே கதிர்வீச்சு இல்லை என்பதல்ல, எண்ண முடியாத அளவுக்கு இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் துகள்களைச் சிறைப்பிடித்து வைத்திருக்கிறது என்பதை 1958 மே 1-ம் தேதி உலகுக்கு அறிவித்தார். கட்டுரையில் லுட்விக், ரே, மெக்கில்வெய்ன் பெயர்களும் சேர்ந்தே வந்தன. டிசம்பரில் பயனியர்-3 போனபோது, பட்டை ஒன்றல்ல, இரண்டு என்பதும் தெரிந்தது.

இதில் ரஷ்யாவின் செர்கெய் வெர்னோவுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். 1957 நவம்பரிலேயே அவருடைய கவுண்டர் ஸ்புட்னிக்-2-ல் பறந்தது. ஆனால் அது உயரத்தில் போனது தென்கோளத்தின் மேல். அங்கே சிக்னலைப் பிடித்த ஆஸ்திரேலியர்களுக்கு அதைப் படிக்கும் குறியீடு தெரியாது, தரப்படவுமில்லை. ரகசியம் காத்ததற்குக் கொடுத்த விலை, ஒரு மாபெரும் கண்டுபிடிப்பு.

வான் ஆலனும் ரகசியத்துக்கு முற்றிலும் அப்பாற்பட்டவரல்லர். 1958-ல் தென் அட்லாண்டிக் மீது ராணுவம் உயரத்தில் அணுகுண்டு வெடித்த 'ஆர்கஸ்' சோதனையை அளந்தது அவர் குழுவின் கருவிகளே. 1962 ஜூலை 9-ல் பசிபிக் மீது 400 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்த 'ஸ்டார்ஃபிஷ்' குண்டு, செயற்கையாகவே ஒரு பட்டையை உண்டாக்கி, டெல்ஸ்டார் உட்படப் பல செயற்கைக்கோள்களைப் பழுதாக்கியது. மனிதன் வானத்தையும் கெடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

அன்று பூஜ்யமாகத் தெரிந்தது இன்று அன்றாடக் கவலை. நம் டிவி, தொலைபேசிக்கு உதவும் செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டரில், வெளிப்பட்டைக்குள்ளேயே சுற்றுகின்றன. சூரியப் புயல் அடித்தால் அங்கே எலக்ட்ரான்கள் பெருகி உள் பாகங்களில் மின்னேற்றம் சேரும். அதனால்தான் துகள் அளவை இரவும் பகலும் கண்காணித்து, மழை எச்சரிக்கை போல விண்வெளி எச்சரிக்கையும் விடுகிறார்கள். 2012-ல் ஏவப்பட்டு 2019 வரை இயங்கிய 'வான் ஆலன் புரோப்ஸ்' இரட்டைக் கலங்கள், சில வாரங்களே நீடித்த மூன்றாவது பட்டை ஒன்றையும் கண்டன. சூரியனைக் கவனிக்க நம் இஸ்ரோ 2023-ல் ஆதித்யா-எல்1-ஐ அனுப்பியது. முன்கூட்டிச் சொல்வது இன்னும் முழுசாகக் கைவரவில்லை. அது வரப்போகும் தலைமுறைக்கு வைத்திருக்கும் வேலை.

புகழ் வந்தபின்னும் வான் ஆலன் அயோவாவை விட்டுப் போகவில்லை. இளநிலை மாணவர்களுக்கு வானியல் பாடம் எடுத்தார். பயனியர் கலங்கள் மூலம் வியாழன், சனி வரை அவருடைய கருவிகள் சென்றன. மனிதனை அனுப்புவதைவிடக் கருவிகளை அனுப்புவதே மேல் என்று கடைசிவரை வாதாடினார். 1985-ல் ஓய்வு பெற்ற பிறகும், தம் பெயர் தாங்கிய கட்டடத்திலேயே அலுவலகம் வைத்து வேலை பார்த்தார். 2006 ஆகஸ்ட் 9-ல், 91 வயதில் காலமானார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரீடிங் தப்பாக வந்தால் ரெக்கார்ட் நோட்டில் அடித்துவிட்டுப் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதாதீர்கள். ஏன் அப்படி வந்தது என்று ஒரு தரம் கேளுங்கள். ஒரு சிற்றூர்க் கல்லூரி மாணவர் வானத்தில் தம் பெயரை எழுதியது அப்படித்தான்.